சாலையைக் கடந்தவர் மீதும் தவறு இருந்தால் நஷ்ட ஈடு கிடைக்காதா?

கிடைக்கும். தொகையில் கொஞ்சம் பிடிப்பார்களே தவிர, ஒரேயடியாக இல்லை என்று ஆகிவிடாது.

இதைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் யாரோ கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். "நடந்து வந்தவங்க மேலதான் தப்பு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் சொன்னார்கள்.

2018இல் ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) என் அம்மாவை பைக் இடித்தது. அவருக்கு அப்போது 61 வயது. பால் வாங்கிக்கொண்டு, மீடியனில் (சாலையின் நடுத்தடுப்பு) இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் கடந்திருக்கிறார். ஒரு பஸ் டிரைவர் நிறுத்தி, "போங்கம்மா" என்று கைகாட்டியிருக்கிறார். அம்மா பஸ்ஸைத் தாண்டி அடியெடுத்து வைக்கவும், நின்ற பஸ்ஸை வலப்பக்கமாக முந்திக்கொண்டு பைக் வரவும் சரியாக இருந்தது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள்.

பைக்காரர் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 338 (பலத்த காயம் ஏற்படுத்தியது) பிரிவுகளில் வழக்கு (அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125). ஆனால் விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில், பைக்கின் இன்சூரன்ஸ் தரப்பு போட்ட பதில் மனுவில், 'மனுதாரர் திடீரென்று சாலையின் குறுக்கே வந்ததே விபத்துக்குக் காரணம்' என்று இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. எங்களைக் காப்பாற்றியது போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச். ஓரத்திலிருந்து மீடியன் வரை சாலை 34 அடி அகலம். மோதிய இடம் மீடியனிலிருந்து 4 அடி. முட்டிவலியோடு 30 அடி நடந்து வந்துவிட்ட ஒருவர் எப்படி 'திடீரென்று' வந்திருக்க முடியும்? எங்கள் வக்கீல் கேட்டது இதைத்தான். இடத்தில் இருந்த பூக்கார அம்மா சாட்சி சொன்னார்.

அடுத்து இன்சூரன்ஸ் தரப்பு நடைமேம்பாலத்தைப் பிடித்துக்கொண்டது. குறுக்கு விசாரணையில், "நூறு மீட்டர் தள்ளி மேம்பாலம் இருக்குன்னு தெரியுமா?" என்றார்கள். அம்மா, "தெரியுங்கய்யா, முட்டிவலி, ஏற முடியாது" என்றார். சாட்சியத்தில் பதிவானது: 'மேம்பாலம் இருப்பது எனக்குத் தெரியும் என்றால் சரிதான்.' முட்டிவலியைக் காணோம். பிறகு நானே போய் எண்ணினேன், ஏறுவதற்கு மட்டும் 46 படி. லிஃப்ட் கிடையாது. கடைசியில் அம்மா பக்கம் 20 சதவீதம் அலட்சியம் என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்த 20 இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நடப்பவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நானும் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர்களையும் மீடியனை எகிறிக் குதிக்கிறவர்களையும் பார்த்து எத்தனையோ முறை பதறியிருக்கிறேன். அவர்கள் பங்கை அவர்கள் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பஸ் நடுரோட்டில் நிற்கிறது என்றால் முன்னால் யாரோ கடக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

பணத்தைவிட எனக்கு ஆறாதது, இந்த வழக்குக்காக ஊனச் சான்றிதழுக்கு அலைந்ததுதான். அதைக் கொடுக்கும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டில் காட்ட வாக்கரோடு மூன்று முறை போனோம். இரண்டு முறை டாக்டர் வரவில்லை. மூன்றாம் முறை நான்கு மணி நேரம் பெஞ்சு கூட இல்லாமல் நிற்கவைத்தார்கள். தொடையில் இரும்பு இருக்கும் மனுஷியை! இதை எந்த மனுவிலும் எழுத இடமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்து என்றால் ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் இருக்கிறது, நாளைக் கடத்தாதீர்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்கவே முடியாத நிலை என்றால் அதே சட்டத்தில் 164ஆம் பிரிவு இருக்கிறது: பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம். எதில் போவது என்று வக்கீலிடம் கேட்டு முடிவெடுங்கள். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் ஸ்கெட்ச், பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) இரண்டின் நகலையும் வாங்கி, மோதிய இடம் ஓரத்திலிருந்து எத்தனை அடி என்று பாருங்கள். அளவு எழுதவில்லை என்றால் சாலையில் தடயம் அழிவதற்குள் நீங்களே டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்துவிடுங்கள்.