லூப் ஏன் கோணுகிறது? ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும் மாதிரி) விமானச் சாகசங்கள்: கேள்வி பதில்

கே: அண்ணா, லூப் (மேலே ஏறி, தலைகீழாகி, கீழே வரும் முழு வட்டம்) போட்டால் ஆரம்பித்த இடத்துக்கு வராமல் பக்கவாட்டில் கோணிக்கொண்டு போகிறது. (ஒயிட்ஃபீல்ட், பெங்களூர்)

ப: ரிமோட்டின் ஸ்டிக்கை இழுக்கும் நொடியில் இறக்கை மட்டமாக இல்லை. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வட்டம் முழுக்க அந்தச் சாய்வு கூடவே வரும். எதிர்க்காற்றில் இரண்டு விநாடி நேராக ஓட்டி, மட்டம் பார்த்து, அப்புறம் இழுங்கள். அப்படியும் கோணினால் விமானத்தை மூக்கிலும் வாலிலும் மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். என்னுடையதில் எப்போதும் இடது இறக்கையே சாய்ந்தது. வலது நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டினேன், லூப் நேரானது.

கே: ரோல் (நேராகப் பறந்தபடியே பக்கவாட்டில் ஒரு முழு உருளல்) போட்டால் பாதியில் மூக்கு கவிழ்கிறது.

ப: தலைகீழாக இருக்கும்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளினால்தான் மூக்கு மேலே நிற்கும். பதறினால் கை தானாக இழுக்கும், விமானம் நேரே தரைக்குத்தான். ரோலுக்கு முன்பே மூக்கை 20 டிகிரி தூக்கிக்கொள்ளுங்கள். உயரம் முக்கியம்: ஒரு தப்பு செய்து, அதைத் திருத்தப் போய் இன்னொரு தப்பு செய்தாலும் தரை எட்டாமல் இருக்க வேண்டும்.

கே: சார், சென்னையில் சுலபமாக லூப் போட்ட அதே விமானம் பெங்களூரில் உச்சியில் திணறுகிறதே?

ப: இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே. காற்றின் அடர்த்தி 8 சதவீதம் போலக் குறைவு. புரொப்பெல்லரின் இழுவையும் இறக்கையின் தாங்கலும் அதற்கேற்பக் குறையும். கூடுதல் வேகத்தோடு நுழையுங்கள்.

கே: 8 சதவீதமெல்லாம் கையில் தெரியாது. பழைய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான் காரணம்.

ப: பழைய பேட்டரி படுத்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 சதவீதம் தெரியாமல் போவது மட்டமாகப் பறக்கும்போதுதான். ட்ரெய்னரில் (பழகுவதற்கான விமானத்தில்) பெரும்பாலும் மோட்டாரின் இழுவை விமானத்தின் எடைக்கே ஈடாகாது, லூப்பின் உச்சிவரை கொண்டுபோவது சேர்த்துவைத்த வேகம்தான். பொங்கலுக்குச் சென்னைக்குப் போனபோது அதே விமானம், அதே பேட்டரியோடு பார்த்தேன்: அங்கே முக்கால் த்ராட்டிலில் (மோட்டாருக்குக் கொடுக்கும் விசையில்) வந்த லூப்புக்கு இங்கே முழு த்ராட்டிலும் வேண்டியிருக்கிறது.

கே: சென்னை வெயிலில் காற்று லேசாகிவிடாதா?

ப: ஆகும். ஆனால் 10 டிகிரி கூடினால் குறைவது 3 சதவீதம் போலத்தான். உயரத்தின் பங்கே பெரிது, இதில் நான் மாறப்போவதில்லை.

கே: முதலில் எந்த விமானம் வாங்கலாம்?

ப: ஃபோமில் செய்த, இறக்கை மேலே உள்ள, நான்கு சேனல் (நான்கு தனித்தனிக் கட்டுப்பாடுகள் உள்ள) ட்ரெய்னர்.

கே: யலஹங்காவில் மொட்டை மாடியிலிருந்து பழகலாமா?

ப: கூடவே கூடாது. ஒரு பக்கம் ஜக்கூர் ஓடுபாதை, இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம். வீட்டில் சிமுலேட்டரில் பழகுங்கள்.

கே: ஹோவர் (மூக்கு மேலே பார்க்க ஒரே இடத்தில் தொங்கி நிற்பது) எப்போது தொடங்கலாம்?

ப: தலைகீழாகவே மைதானத்தை முழுச் சுற்று சுற்றி வந்த பிறகு. அப்போதும் உயரத்தில்தான்.