மேட்பிளாட்லிப் படத்தில் ‘தேவகோட்டை’ உடைந்து வருகிறது

மேட்பிளாட்லிப்பில் (பைத்தானில் வரைபடம் போடும் நூலகம்) ‘தேவகோட்டை’யின் கொம்பு இடம் மாறி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக எழுத்துருவை இனி மாற்ற வேண்டாம். ஆர்சிபாராம்ஸில் (மேட்பிளாட்லிப்பின் அமைப்புப் பட்டியல்) ‘எஸ்விஜி.ஃபான்ட்டைப்’ மதிப்பை ‘நன்’ (none) என்று வைத்து, படத்தை எஸ்விஜியாக (எழுத்தை எழுத்தாகவே வைக்கக்கூடிய பட வடிவம்) சேமியுங்கள். (மேற்கோள் குறிக்குள், சின்ன எழுத்தில். பைத்தானின் வெறும் நன் (None) வேறு.)

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டதும் எழுத்துகளுக்குப் பதில் வந்த கட்டங்கள் போய்விட்டன, ஆனால் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் நிற்கிறது என்கிறீர்கள். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது. உங்கள் மேட்பிளாட்லிப் பதிப்பு அதை முன்னால் நகர்த்தாமல் அப்படியே வரைகிறது போல. கொம்போ ஐகாரக் குறியோ இல்லாத பழனி சரியாக வந்து தேவகோட்டை மட்டும் கெடுவதும் அதனால்தான்.

சந்தேகமிருந்தால் எஸ்விஜியை பிரவுசரில் திறந்து பாருங்கள், கொம்பு இடத்துக்கு வந்துவிடும்.

ஒன்று: எழுத்துரு எஸ்விஜி கோப்புக்குள் போகாது, அது இல்லாத கருவியில் எழுத்து மாறித் தெரியலாம். ஆத்தங்குடி டைல்ஸ் விற்பனைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் இங்க்ஸ்கேப்பில் (எஸ்விஜி திறக்கும் வரைகலை மென்பொருள்) திறந்து பிஎன்ஜியாக மாற்றிவிடுங்கள்.