அட்மின் மீது வழக்கு வருமா?

கேள்வி: எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் படமும் கார் நம்பரும் போட்டு, "பிள்ளை பிடிக்கிறவன், கண்டால் விடாதீர்கள்" என்று ஒரு செய்தி வந்தது. பலர் வெளியேயும் அனுப்பிவிட்டார்கள். பொய் என்று பிறகுதான் தெரிந்தது. குழு அட்மின் நான். எனக்கு வழக்கு வருமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: "கண்டால் விடாதீர்கள்" என்பதுதான் இதில் விஷம். 2021 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கும் தென்னாப்பிரிக்கச் சைபர் குற்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வன்முறையைத் தூண்டும் நோக்கத்தோடு செய்தி அனுப்புவதைக் குற்றம் என்கிறது. தண்டனை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எழுதியவருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம், அனுப்பியவரும் மாட்டலாம். ஆனால் நோக்கத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை.

மானநஷ்ட வழக்கு அப்படியில்லை. அவதூறு பரவியது என்று காட்டிவிட்டால், நியாயம் சொல்ல வேண்டியவர் பரப்பியவர்தான். 2013இல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் ஒரு ஃபேஸ்புக் வழக்கில், பதிவை எழுதாதவரையும் பொறுப்பாளியாக்கியது. தன் பெயர் டேக் செய்யப்பட்டது தெரிந்தும் அவர் சும்மா இருந்தார், அவ்வளவுதான். இழப்பீடு 40,000 ராண்ட். அது அட்மினைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனாலும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது உங்களுக்கும் நல்லதல்ல.

முதலில், அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்த பிறகு அது கிடைக்காது. பிறகு செய்தியை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழியும்படி நீக்குங்கள். அட்மின் என்பதால் பிறர் அனுப்பியதையும் நீக்க முடியும். வெளியே போன பிரதிகள் மட்டும் அழியாது. அதனால் மறுப்பை அந்தந்தக் குழுக்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பழைய படத்தின் மேல் "பொய்" என்று எழுதி அனுப்பாதீர்கள். அந்த எழுத்தை வெட்டிவிட்டு மறுபடி சுற்றில் விடுவார்கள். கொந்தளிப்பு அடங்கும் வரை, அட்மின் மட்டுமே எழுதும்படி அமைப்பை மாற்றலாம்.

இரட்டை அம்புக்குறி தெரிந்தால், செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். பலர் அனுப்பியதால் உண்மை என்றாகிவிடாது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பக்கம் சுற்றிய குரல் பதிவுகளை மறந்தவர் உண்டா? உண்மையிலேயே சந்தேகம் என்றால் கார் நம்பர் போக வேண்டிய இடம் போலீஸ் அவசர எண் 10111, குழு அல்ல.

கேள்வி: காவடித் திருவிழாவில் எடுத்த குழந்தைகள் படங்களைக் கோயில் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாமா?
– வாசகி, டோங்காட்

பதில்: பெற்றோர் சம்மதம் வாங்கிப் போடுங்கள், அதுவும் எழுத்தில். வீட்டு உபயோகத்துக்கு எடுத்த படத்தைப் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் தொடாது. கோயில் பக்கம் வீட்டு உபயோகம் ஆகாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் விதி இன்னும் இறுக்கம். படத்தைவிட அதன் கீழே எழுதுவதில்தான் ஆபத்து அதிகம்: பெயர், வயது, பள்ளி மூன்றும் சேர்ந்தால் யாரும் குழந்தையைத் தேடிப் போய்விடலாம். ஒன்றையும் எழுத வேண்டாம். படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் ஒட்டிக்கொண்டு போகும். நீக்கச் சொல்லி யாராவது கேட்டால், காரணம் கேட்காமல் அன்றே நீக்கிவிடுங்கள்.