கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர: வாசகர் கேள்வி – பதில்

எங்களிடம் ஒன்றரை வயது சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. வீட்டுக்குள் பெயர் சொன்னாலே ஓடி வரும். காசிமேடு கடற்கரைப் பக்கம் அவிழ்த்து விட்டால், தொண்டை வற்றக் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

முதல் வேலையாக, அவிழ்த்து விடுவதை இன்றே நிறுத்துங்கள். பக்கத்திலேயே எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. ஒரே ஒரு முறை அது சாலைப் பக்கம் திரும்பினால் போதும்.

பெரும்பாலான வீடுகளில் நாயைக் கூப்பிடுவதே கிளம்பும் நேரத்தில்தான். வந்தால் சங்கிலி மாட்டுவார்கள், வராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடலாம் என்று நாய் கற்றுக்கொண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். எது ஓடினாலும் கண்ணால் பார்த்துத் துரத்தும்.

10 மீட்டர் நூல் கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டாம், நாய் இழுக்கும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். ஹார்னெஸ் (மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டி, முதுகுப் பக்க வளையத்தில் கட்டுங்கள். ஓடுகிற வேகத்தில் கயிறு முடிந்தால் கழுத்து நரம்பும் மூச்சுக்குழாயும் அடிபடும். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

பழைய கூப்பாட்டை விட்டுவிட்டு, இதுவரை சொல்லாத ஒரு சொல்லையோ விசிலையோ எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். சாப்பாட்டுக்கு முன்பு, காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். முதலில் ஹால், பிறகு கைப்பிடிச் சுவர் உயரமாக உள்ள மொட்டை மாடி, அதன்பின் ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலைத் தெரு. கடற்கரை கடைசியில்தான். பத்தில் எட்டு முறையாவது சட்டென்று திரும்பினால் அடுத்த இடத்துக்குப் போகலாம். குறைந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஒரு முறைதான் கூப்பிட வேண்டும். மூன்று விநாடியில் திரும்பாவிட்டால் மறுபடி சொல்லாதீர்கள். நான்கைந்து முறை கேட்ட பிறகு வந்தால் போதும் என்று அதுவே பழகிவிடும். அதற்குப் பதில் பின்பக்கமாக நாலு அடி ஓடுங்கள், உட்காருங்கள், நாக்கைச் சொடுக்குங்கள். அப்படியும் அசையாவிட்டால், சொல்லாமலே கயிற்றைப் பிடித்தபடி அதனிடம் நடந்து போங்கள். கயிற்றால் இழுத்து வரவழைக்கக் கூடாது.

வந்ததும் முதலில் பட்டையைப் பிடியுங்கள், பிறகு தீனி கொடுங்கள், உடனே “போ” என்று மறுபடி விட்டுவிடுங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை விளையாட்டு தொடர வேண்டும். வீட்டுக்குக் கிளம்புவது பத்தாவது முறையில்தான்.

பூனையையோ ஆட்டையோ கண்டதும் காது நிமிரும், உடம்பு விறைக்கும், பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும். கூப்பிட வேண்டிய நொடி அதுதான். பாய்ந்த பிறகு கூப்பிட்டால் அந்தச் சொல் வீணாகும். காசிமேட்டில் மீன் நாற்றத்துக்கு முன் கோழி எடுபடாமல் போகலாம். அன்றைக்கு வேகவைத்த ஈரல் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம். நன்றாகப் பழகிய பிறகும் அந்த இடத்தில் கயிறு இருக்கட்டும்.

மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி. பிள்ளைகள் நாள் முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இப்போது பெயருக்குத் திரும்புவதே இல்லை.
– வாசகி, வியாசர்பாடி

கூப்பிட்டு ஒன்றும் நடக்காவிட்டால் பெயர் வெறும் சத்தமாகிவிடும். பிள்ளைகளுக்கு ஒரே விதி வையுங்கள்: கையில் தீனி இல்லாமல் கூப்பிடக் கூடாது. இரண்டு பேர் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து மாறி மாறி ஒரு முறை கூப்பிடட்டும். வந்தால் தீனி. ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் குட்டி சோர்ந்துவிடும். தடுப்பூசி வரிசை முடியாமல் தெருவில் பழக்காதீர்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும்.

கூப்பிட்டால் வருகிறது, ஆனால் இரண்டு கை தூரத்தில் நின்றுவிடுகிறது. பிடிக்கப் போனால் ஓடுகிறது. முன்பு செருப்பைக் கடித்ததற்காகக் கூப்பிட்டு அடித்திருக்கிறோம்.
– வாசகர், பெரம்பூர்

அடிக்குக் காரணம் செருப்பு என்று அதற்குத் தெரியாது; உங்களிடம் வந்ததற்காக அடித்தீர்கள் என்றுதான் புரிந்திருக்கும். அடியை அடியோடு விடுங்கள். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் கூப்பிடாமல் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தீனியை உங்கள் காலடியில் போடுங்கள். கை நீட்டாதீர்கள். தயங்காமல் வந்து தின்னத் தொடங்கிய பிறகு, தாடைக்குக் கீழே ஒரு விரல் தொட்டதும் தீனி. அடுத்து பட்டையை ஒரு நொடி தொட்டதும் தீனி. தலைக்கு மேலாகக் கை கொண்டு போக வேண்டாம், அடி வாங்கிய நாய் அதற்குத்தான் முதலில் பயப்படும். நடுவில் பின்வாங்கினால் முந்தைய படிக்கே திரும்புங்கள். சில வாரம் பிடிக்கலாம்.