கேள்வி மேடை: மூன்றாவது கிலோவில்தான் சிரிப்பு

இம்மாதம் நகைச்சுவை நாடகம் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஐயா, தமிழ்மொழித் தினப் போட்டிக்காகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடக்கும் ஒரு நகைச்சுவை நாடகத்தைப் பழக்குகிறேன். ஒத்திகையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பார்க்க வந்த ஆசிரியர்களின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எங்கே பிழை?
ஆசிரியை, பொகவந்தலாவை

பிள்ளைகள் சிரிப்பதுதான் பிழை. மேடையில் நிற்பவன் சிரித்துவிட்டால் சபைக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது. கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளைக்குத் தன் தராசு பெரிது. கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் அம்மாவுக்கு இன்று முழுப் பேரா, அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா, அரை நாள் சம்பளமா என்பது அதைவிடப் பெரிது. இருவரும் அந்தக் கவலையோடுதான் பேச வேண்டும். வேடிக்கை செய்கிறோம் என்ற நினைப்பு ஒரு கண்ணிமைப்பில்கூடத் தெரியக் கூடாது. இதை முதலில் பழக்குங்கள். மற்ற உத்திகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்து, மூன்று என்ற கணக்கு. "கூடைக்கு ஒரு கிலோ கழிவு" என்கிறார் கணக்கப்பிள்ளை. அம்மா தலையாட்டுகிறார். "ஈரத்துக்கு ஒரு கிலோ கழிவு." வெயில் கொளுத்துகிறது; அம்மா வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் தலையாட்டுகிறார். "தராசை முறைத்துப் பார்த்ததற்கு ஒரு கிலோ." இங்கேதான் சபை வெடிக்கும். முதல் கழிவு செய்தி. இரண்டாவது வந்ததும் சபை ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை எதிர்பார்க்கிறது. மூன்றாவது அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்துவிடுகிறது. இறுகி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போவதால் சிரிப்புப் பிறக்கிறது என்று ஜெர்மானியத் தத்துவஞானி இமானுவேல் காண்ட் 1790ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் முதலிரண்டு கழிவுகளும் தோட்டத்தில் எல்லோரும் அனுபவித்த உண்மையாக இருக்க வேண்டும். அவையே கற்பனையாக இருந்தால் மூன்றாவது எடுபடாது.

சிரிப்புக் கிடைத்துவிட்டதே என்று நான்காவது கழிவைச் சேர்த்துவிடாதீர்கள். நல்ல காட்சிகள் பல இப்படித்தான் கெட்டுப் போகின்றன. அதை வேறு காட்சிக்கு எடுத்து வையுங்கள். சபை தராசை மறந்திருக்கும் நேரத்தில், இரவு கணக்கப்பிள்ளை வீட்டில் சாப்பிட உட்காருகிறார். மனைவி அவர் தட்டிலிருந்து ஓர் அகப்பைச் சோற்றை எடுத்துக்கொண்டு, "தட்டுக்கு ஓர் அகப்பை கழிவு" என்கிறார். பழைய வசனம் திரும்ப வருகிறது, ஆனால் ஆள் மாறி வருகிறது. கழித்தவரிடமே கழிக்கப்படுகிறது. அந்தச் சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று: சபை சிரிக்கும்போது அடுத்த வசனத்தைச் சொல்லக் கூடாது. முழு அமைதி வரும்வரை காத்திருப்பதும் தவறு, காட்சி ஆறிவிடும். சிரிப்பு ஓங்கி, இறங்கத் தொடங்கும் இடத்தில் பேச வேண்டும். அதுவரை பிள்ளை வெறுமனே நிற்காமல் தராசுக் கல்லையோ கூடையையோ கவனித்துக்கொண்டிருக்கட்டும்.

ஒருவர் வழுக்கி விழுந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இதுவும் கலையா?
மாணவன், மஸ்கெலியா

கலைதான், கடினமான கலை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வளர்ந்த கொமேதியா தெல் ஆர்ட்டே நாடகக் குழுக்கள் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்து ஒரு கோல் வைத்திருந்தன. அடித்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், வலி குறைவு. உடல் நகைச்சுவையின் அடிப்படை அந்தக் கோலிலேயே இருக்கிறது. விழுந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சபைக்கு உடனே தெரிய வேண்டும். மழைக்கால மலையில் கூடையோடு சறுக்கி முதுகை முறித்துக்கொண்டவர்கள் நம் சபையில் உட்கார்ந்திருப்பார்கள். கொழுந்தெடுக்கும் பெண் விழுவதைக் காட்டி அவர்களிடம் சிரிப்புக் கேட்காதே. வெள்ளைக் காலுறையும் பளபளக்கும் சப்பாத்துமாக "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்று அதட்டிக்கொண்டே வரும் சின்னத்துரை, தோட்டத்தின் உதவி மேலாளர், விழட்டும்.

சிலேடை இக்காலத்தில் எடுபடுமா?
வாசகி, நுவரெலியா

காளமேகம் ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் பாடினார். படிக்கப் படிக்க இனிக்கும். மேடையில் ஒரு வசனத்தை ஒருமுறைதான் கேட்க முடியும். காமன் கூத்து இரவில், தப்புப் பறையின் சத்தத்துக்கு நடுவில், கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கும் அது விளங்க வேண்டும். நாடகத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

நான் மேடையில் தோட்டத்துப் பேச்சைக் கிண்டலாகப் பேசி நடிக்கிறேன். டவுனில் நல்ல கைதட்டல். அது தவறு என்கிறார் அப்பா. உங்கள் கருத்து?
இளைஞர், பண்டாரவளை

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி, தம்பி. தொல்காப்பியம் நகைக்கு நான்கு நிலைக்களன்களை, அதாவது சிரிப்புப் பிறக்கும் இடங்களை, சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றில் எள்ளல் மிக எளிதாகக் கைக்கு வருவது. பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது நகுவது என்று உரையாசிரியர் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். டவுன் சபை உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போது எள்ளப்படுவது நீங்கள் மட்டுமல்ல. அந்தப் பேச்சில் உங்களை வளர்த்தவர்களும்தான். நம் சனத்தின் பேச்சைக் கேட்டு வெளியார் சிரித்தது போதாதா? எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன்.

மடனை எடுத்துப் பாருங்கள். ஒருவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாதிருப்பது அது. "சீட்டு இல்லாமல் யாரையும் ஸ்டோருக்குள் விடாதே" என்று தோட்டத் துரை தேயிலைத் தொழிற்சாலைக் காவல்காரரிடம் உத்தரவிடுகிறார். மறுநாள் துரையே வருகிறார், சீட்டு இல்லை. அவருடைய சீட்டு உள்ளே மேசையில் இருக்கிறது. காவல்காரர் மிகுந்த மரியாதையோடு மறுக்கிறார். "நீயாவது போய் எடுத்து வா" என்கிறார் துரை. வாசலை விட்டு அசையக் கூடாது என்பதும் துரையின் உத்தரவுதான். திட்டவும் வழியில்லை, இரண்டு உத்தரவுகளும் அவர் வாயிலிருந்து வந்தவை. உள்ளே ரோதை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே மழை பிடிக்கிறது.

இதை எழுதி மேடையேற்றுங்கள். காவல்காரராக நீங்களே நடியுங்கள். உங்கள் தோட்டத்துப் பேச்சிலேயே பேசுங்கள். சிரிப்புக்காக அதில் ஒரு சொல்லையும் வளைக்காதீர்கள்.