விசாவுக்காகக் கணக்கில் கடன் பணம் காட்டலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. விருதுநகர் மாவட்டத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. மகன் மான்செஸ்டரில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறான், கல்விக் கடன் 24 லட்சம். டிசம்பரில் பட்டமளிப்பு விழா. நானும் மனைவியும் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறோம். வங்கியில் 3,40,000 ரூபாய் இருக்கிறது. கணக்கில் பத்து லட்சமாவது இல்லாவிட்டால் விசா கிடைக்காது என்கிறார் ஏஜென்ட். மைத்துனர் ஒன்றரை வட்டிக்கு 7 லட்சம் தருகிறார், நான்கு மாதம் என் கணக்கில் கிடக்கட்டும் என்கிறார். பதிலுக்கு அவர் மகளின் ஆஸ்திரேலியப் படிப்புக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். மகன் கிளம்பும்போதும் இப்படித்தான் ஃபைனான்ஸியரிடம் இரண்டரை வட்டிக்கு 11 லட்சம் வாங்கி இரண்டு மாதம் காட்டினோம். அந்த வட்டிக்கும் பயணச் செலவுக்கும் மனைவியின் 9 பவுனை அடகு வைத்து வாங்கிய இரண்டரை லட்சம் இன்னும் அடைபடவில்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்திருக்கிறோம். மைத்துனரிடம் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களைக் கெடுப்பது இங்கிலாந்துப் பயணம் இல்லை, காட்டுவதற்காகக் கடன் வாங்கும் பழக்கம். 11 லட்சத்துக்கு இரண்டரை வட்டி என்றால் மாதம் 27,500. இரண்டு மாதத்துக்கு 55,000. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத பணத்துக்குக் கட்டிய வாடகை அது. இப்போது 7 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி மாதம் 10,500. நான்கு மாதத்துக்கு 42,000. மான்செஸ்டரில் ஐந்து இரவுக்கு மேல் அறை எடுத்துத் தங்க அது போதும்.

ஏஜென்ட் இரண்டு விசாக்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். மாணவர் விசாவுக்கு இவ்வளவு தொகை, தொடர்ந்து 28 நாள் கணக்கில் நிற்க வேண்டும் என்று எழுதப்பட்ட விதி உண்டு. மகனுக்குச் செய்தது அந்த விதியை மனதில் வைத்துத்தான். பார்வையாளர் விசாவுக்கு அப்படி ஒரு தொகையே கிடையாது. பத்து லட்சம் என்ற எண் எந்த விதியிலும் இல்லை. அதிகாரி பார்ப்பது இதைத்தான்: சொன்ன பயணத்தின் செலவு உங்கள் வருமானத்துக்குப் பொருந்துகிறதா, பணம் எங்கிருந்து வந்தது, முடிந்ததும் ஊர் திரும்புவீர்களா.

உங்கள் ஆறு மாத ஸ்டேட்மென்டை அவர் கண்ணால் பாருங்கள். மாதக் கடைசியில் சம்பளம் 78,000. அஞ்சலக ஆர்.டி., மின்கட்டணம், மளிகை, ஏ.டி.எம்.மில் ஐந்தாயிரம், பத்தாயிரம். மாத முடிவில் இருப்பு கொஞ்சம் ஏறியிருக்கும். நம்பும்படியான ஒரு குடும்பக் கணக்கு. அதன் நடுவில் திடீரென்று ஒரே வரியில் 7,00,000 வரவு. ஒன்பது மாதச் சம்பளம் ஒரே நாளில் எப்படி வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் தாள் இல்லை. 3,40,000 ரூபாயோடு தேறியிருக்க வேண்டிய விண்ணப்பம், 10,40,000 ரூபாயோடு நிராகரிக்கப்படுவது இப்படித்தான். கடன் பணத்தைச் சேமிப்பு என்று எழுதிக் கொடுத்து, அது ஏமாற்று என்று முடிவானால் பத்து ஆண்டுத் தடை வரை போகலாம். நிராகரித்தால் கட்டணம் திரும்பாது, மேல்முறையீடும் கிடையாது. மறுபடி கட்டணம், மறுபடி விண்ணப்பம்.

மைத்துனர் ரொக்கமாகத் தருவதாக இருந்தால் இன்னும் மோசம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகும்.

இனி உண்மைச் செலவு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக் குத்துமதிப்பாகப் போடுகிறேன். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. இருவருக்கும் விசா மையத்தின் செலவு சேர்த்து 32,000. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போய்வர இருவருக்கும் ஒன்றரை லட்சம். தங்க இரவுக்கு 60 பவுண்டு வீதம் 12 இரவு, 86,000. சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் இருவருக்கும் நாளுக்கு 40 பவுண்டு வீதம் 13 நாள், 62,000. காப்பீடும் குளிர் உடைகளும் 21,000. மொத்தம் மூன்றரை லட்சம். தங்குவதை 8 இரவாகக் குறைத்தால் 48,000 மிச்சமாகி மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நாளைக் குறையுங்கள், ஆளைக் குறைக்க வேண்டாம். மகனோடு தங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் விருந்தினரை ஓரிரு இரவுக்கு மேல் விடமாட்டார்கள். அவன் தனி வீட்டில் பகிர்ந்து இருந்தால், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வாடகை ஒப்பந்த நகலும் வாங்கி வைக்கட்டும். தங்குமிடம் இலவசம் என்று காட்டினால் காட்ட வேண்டிய பணமும் குறைகிறது.

ஆக, உங்களிடம் இருப்பது போதும். டிசம்பருக்குள் மாதம் 20,000 சேர்த்தாலே நான்கு மாதத்தில் இன்னொரு 80,000. அதுவும் சம்பளத்திலிருந்து மெல்ல ஏறிய இருப்பாக, அதிகாரிக்குப் பிடித்த வடிவத்தில் இருக்கும்.

விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்தான் போட முடியும். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். செப்டம்பர் நடுவில் போட்டால் அக்டோபர் தொடக்கத்தில் தெரிந்துவிடும், டிக்கெட்டை அப்போது எடுங்கள். விழா முடிந்த கையோடு திரும்புவதுபோல் தேதி வையுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டி அங்கிருந்து இந்தியா வரும் விமானங்களில் விலை தாறுமாறாக ஏறும். உங்களுக்கு முதல் வேலை வேறு: துறையின் தடையின்மைச் சான்று. அரசு ஊழியருக்கு அது இல்லாமல் நகர முடியாது, கோப்பு மேசை மேசையாக நிற்கும். இன்றே எழுதுங்கள். சான்றும் விடுப்பு ஆணையும்தான் ‘இவர் திரும்பி வருவார்’ என்பதற்கு உங்களிடம் இருக்கும் பலமான தாள்கள். இன்னும் ஆறு வருடப் பணி பாக்கியிருக்கிறது என்பதை 7 லட்சம் சொல்லாது, அவை சொல்லும். ஃபார்ம் 16, வருமான வரிக் கணக்கு நகல், ஜி.பி.எஃப். கணக்குச் சீட்டு, நிரந்தர வைப்பு ரசீது, மகனின் சேர்க்கைச் சான்று, விழா அழைப்பு ஆகியவற்றையும் வையுங்கள். மனைவிக்குத் தனி விண்ணப்பம். அவர் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்று ஒரு கடிதமும் திருமணச் சான்றும் போதும். இடையில் சீட்டுப் பணமோ அரியரோ பெரிய தொகையாக வந்திருந்தால், அந்த வரிக்கு எதிரே ரசீதை இணைத்து ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள்.

ஏஜென்டின் அடுத்த அம்பு ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்பதாக இருக்கும். அது பெயர் மாற்றிய தனிநபர் கடன். சிபில் அறிக்கையிலும் கடனாகவே ஏறும். ‘பூஜ்ய வட்டி’ என்றால், மொத்தமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியில் அந்த வட்டி ஒளிந்திருக்கும். டூர் பேக்கேஜும் வேண்டாம். விழாவுக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை, முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்ற முன்வசூல் வரி வேறு பிடிப்பார்கள்.

சாதாரண கிரெடிட் கார்டை அங்கே தேய்த்தால் பொதுவாக 3.5 சதவீதக் கூடுதலும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 4.13 சதவீதம். 62,000 ரூபாய் செலவுக்கு 2,500 ரூபாய் சும்மா போகும். பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு எடுங்கள், கையில் 150 பவுண்டு ரொக்கம் போதும். கடைக்காரரின் மெஷின் ‘ரூபாயிலா, பவுண்டிலா’ என்று கேட்டால் பவுண்டை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

காப்பீட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பார்வையாளர் ஒருவர் அங்கே மருத்துவமனையில் படுத்தால் அரசு மருத்துவத்துறை வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் போடும். உங்கள் இருவரில் யாருக்காவது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும். இன்னொன்று, மகனுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருட்களை அங்கே கொண்டுபோக அனுமதி இல்லை, முறுக்கு வாங்குங்கள்.

இனி ஜாமீன். கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். வங்கி முதலில் மைத்துனர் மகளைத் தேடிப் போய்விட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் தலையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 24 லட்சத்துக்கு 10.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் மாதம் 21,000. தவணை தொடங்காத இரண்டு வருட விடுமுறைக் காலத்தில் வட்டியைக் கட்டாமல் விட்டால் 5 லட்சம் சேர்ந்து 29 லட்சமாகும். பத்து வருடத் தவணை மாதம் 39,000, உங்கள் சம்பளத்தில் சரிபாதி. மகனுக்கு வேலை தாமதமானால் அது உங்கள் கணக்கில்தான் பிடிபடும். மைத்துனரிடம் இதையே சொல்லுங்கள், உள்ளதும் அதுதான்: "பையன் கடன் தவணை தொடங்கினா என் சம்பளத்துல பாதி போயிரும். இன்னொரு கடனுக்கு நான் நிக்க முடியாது." பணம் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டு ஜாமீனைப் பிறகு பேசுங்கள், இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் பேரம் ஆகிவிடும்.

8 இரவுக் கணக்கில் போய் வந்தால் திரும்பும்போது கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். நகைக்கடனுக்கு வட்டி 10 சதவீதம் என்றாலும் வருடம் 25,000 போகிறது. அடுத்த முறை மாற்றி வைக்கும்போது வட்டியோடு அசலில் 60,000 கட்டி, அதற்குரிய பவுனை மீட்டுக்கொண்டு மீதியை மட்டும் வையுங்கள். கல்விக் கடன் தவணை தொடங்குவதற்குள் ஒன்பது பவுனும் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.