அகத்தியில் பத்து சென்ட் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். துறைமுக வேலையிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். லட்சத்தீவில், அகத்தியில், கடலை ஒட்டிப் பத்து சென்ட் இடம் வருகிறதாம். தீவுக்காரர் ஒருவர் பெயரில் வாங்கி விடுதி கட்டினால் வருமானத்தில் பாதி எனக்கு என்கிறார் ஒரு தரகர். முன்பணம் 12 லட்சம் ரூபாய். என் மனைவிக்கும் அந்தத் தீவுகளை ஒரு தடவையாவது பார்த்துவிட ஆசை. போய்ப் பார்த்துவிட்டு அப்படியே இடத்தையும் முடித்துவிடலாமா?

பதில்: ஐயா, போய்ப் பாருங்கள். இடத்தை முடிக்காதீர்கள். அந்த 12 லட்சம் உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது.

லட்சத்தீவு முழுவதும் ஒரே மாவட்டம். 36 தீவுகளையும் சேர்த்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான். ஆட்கள் குடியிருப்பது பத்துத் தீவுகளில். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர், அவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் பட்டியல் பழங்குடியினர். நிலம் இவ்வளவு குறைவு என்பதால்தான், தீவைச் சேராதவர் கைக்கு அது போகாதபடி 1965-ஆம் ஆண்டின் நிலச்சட்டம் காவல் நிற்கிறது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் உங்கள் பெயரில் எதையும் வாங்க முடியாது. தரகர் இன்னொருவர் பெயரைக் கொண்டு வருவது அதனால்தான்.

அதற்குப் பெயர் பினாமி. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் திருத்தி நன்றாகவே இறுக்கியிருக்கிறார்கள். சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும். ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை சிறை. சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பெயர் கொடுத்தவரோடு பணம் கொடுத்தவரும் மாட்டுவார். ஏமாந்துவிட்டோம் என்று நீதிமன்றம் போகவும் வழியிருக்காது.

இதில் தரகர் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான தீவுகளில் சொத்து தாய்வழியில் போகிறது. அங்கே வெள்ளிக்கிழமைச் சொத்து, திங்கட்கிழமைச் சொத்து என்று இரண்டு வகை சொல்வார்கள். வெள்ளிக்கிழமைச் சொத்து தறவாட்டுக்கு, அதாவது தாய்வழிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. திங்கட்கிழமைச் சொத்து ஒருவர் தானாகச் சம்பாதித்தது. உங்களுக்குக் காட்டும் பத்து சென்ட் முதல் வகையாக இருந்தால், ஒரு தம்பி போடும் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. அவருடைய பெரியம்மா பேத்திக்கும் அதில் பங்கிருக்கும்.

சரி, சட்டம் இடம் கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். விடுதிக்குத் தண்ணீர்? பவளத் திட்டில் ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது. பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய ஏடு போல மிதக்கிறது. குடத்தால் மொண்டால் தாங்கும். மோட்டார் போட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும், பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். இதற்காகத்தான் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தித் தீவில் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் நன்னீர் ஆலையை அமைத்தது. கடலின் மேல்பரப்பில் உள்ள வெதுவெதுப்பான நீரைக் காற்றை உறிஞ்சிய கலனில் விட்டு ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்துக் குடிநீராக்குகிறார்கள். 2011-இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் அது வந்தது. ஊர்க்காரர்கள் குடிப்பதற்கே இவ்வளவு பாடு என்றால், பத்து அறை விடுதியில் ஓடும் குளியலறைகளை நினைத்துப் பாருங்கள். கரையும் நிலையானதல்ல. பங்காரம் தீவின் பக்கத்தில் பரளி என்ற ஆளில்லாத குட்டித் தீவுகளில் ஒன்றைக் கடல் அரித்து முழுவதுமாகக் கொண்டுபோய்விட்டது.

இனி அம்மாவின் ஆசைக்கு வருவோம். 1956 வரை சென்னை மாநிலத்தோடு இருந்த தீவுகள்தான், ஆனாலும் நுழைய இன்று அனுமதிச் சீட்டு வேண்டும். அது கையில் வந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள். கொச்சியிலிருந்து கப்பலில் போனால் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். விமானம் அகத்தியில் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் மூர்க்கமாக இருக்கும், அப்போது வேண்டாம். பெரிய வைத்தியம் என்றால் கொச்சிக்குத்தான் தூக்கிப் போக வேண்டியிருக்கும், ஆகவே இருவருடைய மாத்திரைகளையும் பத்து நாள் கூடுதலாகவே எடுத்து வையுங்கள். பவளத்துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், குற்றம். தீவுக்காரர் குடும்பம் அனுமதியோடு நடத்தும் வீட்டுத் தங்கல் கிடைத்தால் அங்கேயே தங்குங்கள். உங்கள் பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும். கப்பல் மினிக்காய் போனால் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை அம்மாவுக்குக் காட்டுங்கள். அங்கே பேசுவது மலையாளம் இல்லை, மாலத்தீவு மொழியின் கிளையான மஹல்.

அப்புறம் முதலீடு. விடுதிகளுக்கு இடம் ஒதுக்குவது நிர்வாகம், ஒப்பந்தப்புள்ளி வழியாக. அது பெரிய நிறுவனங்களுக்கான களம், ஓய்வுப் பணத்துக்கு ஏற்றதல்ல. ஆனால் உங்களுக்குத் துறைமுகம் தெரியும், சரக்கு தெரியும். தூத்துக்குடிக்காரருக்கு மாசிக் கருவாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மினிக்காயில் தூண்டில் கழியால் பிடித்த சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்து மாசி செய்கிறார்கள். தென்னஞ்சர்க்கரையும் உண்டு. நிலமே வேண்டாத வியாபாரம் இது. போன இடத்தில் மாசி செய்யும் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் சரக்கு எந்தக் கப்பலில் வரும் என்பதையும் உறுதி செய்துகொண்டு, முதல் தடவை ஐம்பது கிலோ மட்டும் எடுங்கள். அது விற்றுத் தீர்ந்தால் அடுத்த பருவத்துக்கு அவர்களிடமே சொல்லி வையுங்கள்.